வீட்டை விட்டுப் போனவரின் முகவரி

ட்யார்க்ஸ் வீட்டில் நாய் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் நான் காரை வந்த வழி பார்த்துத் திருப்பி நிறுத்துவேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று முதல் சில வருடங்கள் எனக்கே தெரியாது.

என் பெயர் ஹைல்கே புரூன்ஸ். நோர்டன்ஹாம் என்ற ஆற்றங்கரை ஊரின் நூலகக் கிளையில் வேலை பார்த்தேன். கிளையை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் கிடைத்த வேலை இது. குடும்பம், வேலை, வீட்டிலிருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றித் தெற்கே ஒரு பல்கலைக்கழகம் நீண்ட கால ஆய்வு ஒன்றை நடத்தியது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே வீடுகள், அதே மனிதர்கள், பெரும்பாலும் அதே கேள்விகள். வேசர் ஆற்றின் இரண்டு கரைகளிலும் நாற்பத்தாறு வீடுகள் என் பங்கு. சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. புருஷன் சொன்னதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. அந்தக் கையெழுத்தை நான் விளையாட்டாகப் போடவில்லை.

ட்யார்க்ஸ் வீடு வெள்ளம் தடுக்கிற கரைமேட்டுக்குக் கீழே, ஈரப் புல்வெளி நடுவில் தனியாக நிற்கும். முதல் வருடம் நான் போனபோது வீப்கே வங்கியில் முழு நேரம் வேலை பார்த்தாள். அவள் புருஷன் ஐலெர்ட், கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அவன் அப்பா ஹார்ம் அப்போது மாடு வைத்திருந்தார். மூன்றாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வீப்கே அரை நாள் வேலைக்கு மாறினாள். ஆறாம் வருடம் வேலையையே விட்டாள். “ஒரு சாதாரண வேலைநாளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள எத்தனை மணி நேரம் ஆகிறது?” என்று நான் கேட்பேன். மூன்று என்றாள். ஐந்து என்றாள். ஒன்பது என்றாள். அந்த எண்களை நான் மடிக்கணினியில் அழுத்திக்கொண்டே வந்தேன்.

எட்டாம் வருடம் ஐலெர்ட் வீட்டில் இருந்தான். சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, டீயில் கற்கண்டைப் போட்டு, அது வெடிக்கிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டான். பெரிய ஆள், நல்ல நிறம், பேச்சில் எப்போதும் ஒரு கேலி.

“எழுதிக்கோங்க ஆபீசரம்மா. அப்பாவைப் பாத்துக்கிறது பாதிக்குப் பாதி. நான் பாதி, இவ பாதி.”

“நீங்க மாசத்துல பாதி நாள் கடல்ல இருக்கீங்களே.”

“அதைத்தான் சொல்றேன், பாதின்னு.” அவனே சிரித்தான். “நர்ஸு, ஆயா எல்லாம் வந்துட்டிருந்தாங்க. நான்தான் நிறுத்திட்டேன். கண்டவங்க வந்து அலமாரியைத் திறந்து பாக்கிறதுக்கு இது என்ன சத்திரமா?”

வீப்கேயின் முறை வந்தபோதும் அவன் எழுந்து போகவில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். “பதினொண்ணு,” என்றாள்.

“பதினொண்ணா? நடுவுல டிவி பாக்கிறதையும் சேத்துட்டியா வீப்கே?”

அவள் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சரி செய்தாள். “சரி, ஒன்பதுன்னு போட்டுக்கோங்க.”

ஒன்பது என்றே போட்டேன். கடைசியாக என்ன சொல்கிறார்களோ அதுதான் பதில். விதி அப்படி.

கேள்விகளின் கடைசிப் பகுதியைப் பதில் சொல்கிறவரே நிரப்ப வேண்டும். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பயம், தனிமை, கணவன் மனைவிக்குள் எப்படி என்பதெல்லாம் அதில் வரும். ஐலெர்ட் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“இதை அவங்க தனியாத்தான் நிரப்பணும், மிஸ்டர் ட்யார்க்ஸ்,” என்றேன்.

“எங்க வீட்ல ரகசியம் கிடையாது.”

“எங்க விதியில இருக்கு.”

ஏதோ வேடிக்கை போலக் கையை விரித்துக் காட்டிவிட்டு வெளியே போனான். ஆனால் போகவில்லை. சமையலறைக் கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உருவம் அசையாமல் நின்றது. வீப்கே தட்டத் தொடங்கினாள். இருபத்திரண்டு கேள்விகள். இருபத்திரண்டு முறையும் ஒரே விசையின் சத்தம்தான் கேட்டது.

ஒன்பதாம் வருடம் நான் போனது ஒரு திங்கட்கிழமை. அவன் கடலில் இருந்தான். அவள் தலைமுடியை வெட்டியிருந்தாள். சமையலறை கழுவித் துடைத்து, அலமாரிக் கதவுகள் எல்லாம் பளிச்சென்று, யாரோ குடிவரப் போகிற வீடு மாதிரி இருந்தது. நாங்கள் உட்கார்ந்து இரண்டு கேள்வி ஆவதற்குள் கூடத்தில் தொலைபேசி அடித்தது. மூன்றாவது மணிக்குள் ஓடிப்போய் எடுத்தாள்.

“ஆமா. இல்ல. கணக்கெடுக்கிற அம்மா வந்திருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும். இல்ல, வெளியில போகல. சரி.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரேடியோ தணிவாக ஓடிக்கொண்டிருந்தது. புதன் இரவிலிருந்து வடகடலில் பலத்த காற்று, படகுகள் கிளம்புவது சந்தேகம் என்று வாசித்தார்கள். அவள் கை நீட்டி அதை அணைத்தாள்.

பார்த்துக்கொள்ள எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். “பதினாறு.” மொத்தத்தில் இப்போதைய வாழ்க்கை எப்படி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றேன். முந்தைய வருடங்களில் ஐந்து, நான்கு, இரண்டு என்று இறங்கி வந்தவள் அவள்.

“ஒன்பது,” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

அடுத்து வருவது சதவீதக் கேள்விகள். அடுத்த இரண்டு வருடத்துக்குள் புது வேலைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு, வீடு மாற எவ்வளவு வாய்ப்பு, இந்தப் பராமரிப்பை நிறுத்திவிட எவ்வளவு வாய்ப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் இருபது என்பார்கள், ஐம்பது என்பார்கள். கடவுள் விட்ட வழி என்பார்கள்.

“நூறு,” என்றாள் வீப்கே. “மூணுக்கும் நூறு.”

“நூறுன்னா நிச்சயம்னு அர்த்தம்.”

“தெரியும் புரூன்ஸம்மா. பாங்க்ல இருந்தவ நான்.”

பக்கத்து அறையிலிருந்து சுவரில் கைத்தடி தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அவள் எழவில்லை. “தண்ணி கேக்குறார். இப்பத்தான் குடுத்தேன். மறந்துட்டுத் திரும்பக் கேப்பார்.” அப்புறம் என் கணினியின் மூடியைப் பார்த்தபடி கேட்டாள்: “ஒருத்தர் வீடு மாறிட்டா என்ன செய்வீங்க? விட்டுடுவீங்களா?”

“இல்ல, பின்னாலயே வருவோம். அதான் இந்த ஆய்வோட வழக்கம். வீடு ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டு வீட்டுக்கும் போவோம்.”

“புது முகவரியை யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?”

“சொல்லக் கூடாது.”

“புருஷன் கேட்டா?”

“யார் கேட்டாலும்.”

அவள் தலையை ஆட்டினாள். வருடாவருடம் கொடுக்கிற முகவரி மாற்ற அட்டையை அன்றும் கொடுத்தேன். மற்ற வருடங்களில் அதைச் செய்தித்தாள்களுக்கு மேல் போடுவாள். அன்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போகும்போது பெரியவர் அறை வாசலில் நின்றேன். ஹார்ம் தலை சீவி, சவரம் செய்து, துப்பட்டிக்கு மேல் இரண்டு பெரிய கைகளையும் வைத்துப் படுத்திருந்தார். அவருக்கு நாலைந்து சொற்கள்தான் மிச்சமிருந்தன. என்னைப் பார்த்து, “கதவு,” என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, “கதவு.”

“திறந்தே இருக்கணும் அவருக்கு,” என்றாள் வீப்கே பின்னாலிருந்து.

வாசலில் நான் கேட்டுவிட்டேன். “ஐலெர்ட் எப்போ வர்றார்?”

“வியாழன் சாயங்காலம்.”

“அதுக்கு அப்புறம் மாமாவை யாரு…”

“அந்தக் கேள்வி உங்க பொட்டியில இருக்கா?”

“இல்ல.”

“அப்போ விடுங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கோட்டின் காலரைக்கூட நிமிர்த்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மேற்பார்வையாளர் பிராண்டிஸுக்குத் தொலைபேசினேன். கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“யாராவது அடிச்சதையோ, காயத்தையோ கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல. ஆனா அவங்க கிளம்பப் போறாங்க. நடக்க முடியாத ஒருத்தர் அந்த வீட்ல இருக்கார்.”

“நூறுன்னு சொல்றவங்க அங்கங்க உண்டும்மா. அது ஒரு எண்ணு. எண்ணை எண்ணாவே விடுங்க. ஒரு வீட்ல வாயைத் திறந்தோம்னா, நாளைக்கு நமக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.”

மாவட்டத்தில் பராமரிப்பு ஆலோசனை அலுவலகம் ஒன்று உண்டு. அதன் எண்ணைத் தேடி ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். செவ்வாய் அந்தச் சீட்டு மேஜையில் இருந்தது. புதனும் இருந்தது. வியாழன் காலை காற்று எழுந்தது. என் வீட்டு ஓடுகள் தடதடத்தன. கையில் சீட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதைச் சமையல் புத்தகத்துக்குள் செருகிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

ரொட்டிக் கடையில்தான் விஷயம் தெரிந்தது. ட்யார்க்ஸ் பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள். படகு வராததால் மகன் சனிக்கிழமை மதியம்தான் வந்திருக்கிறான். பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து, கதவை நோக்கி இரண்டு மீட்டர் தவழ்ந்து போய், வாசற்படிக்குக் குறுக்கே கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. மருத்துவமனையில் பன்னிரண்டாம் நாள் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டார். ரொட்டி வாங்க வந்த எல்லோரும் வீப்கேயைத் திட்டினார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. ஐலெர்ட் புகார் கொடுக்கவே இல்லை. ஊரில் அதைப் பெருந்தன்மை என்றார்கள்.

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. மூன்று நாள் எனக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் தெரியும்.

மறுவருடம் செப்டம்பரில் தலைமையகத்திலிருந்து பட்டியல் வந்தது. ட்யார்க்ஸ் என்ற பெயருக்கு எதிரே ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி. இரண்டாவது வரியில் வீப்கே, புது ஆய்வு எண், புது முகவரி. அவளே அந்த அட்டையை நிரப்பி அனுப்பியிருந்தாள். முகவரி ப்ரேமர்ஹாஃபன், அதாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் கரையில் இருக்கிற ப்ளெக்சன் துறையில் படகு ஏறினால் இருபது நிமிடம்.

மூன்றாம் மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை. பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை பார்த்தாள். நகராட்சிப் பதிவில் தன் முகவரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாள். ஜன்னலில் நின்றால் ஆறும், எதிர்க்கரையும், மேட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன.

“இன்னும் தூரமாப் போயிருக்கலாமே,” என்றேன்.

“தூரத்துல, காசெல்லுல எங்க அக்கா இருக்கா. அங்கதான் போய்த் தேடுவான். இந்தக் கரையில தேட மாட்டான். அவன் அந்தக் கரையிலதான் இருக்கான்னு காலையில ஜன்னல்ல பாத்தாத்தான் எனக்கு நிம்மதி.”

“உங்களை அடிச்சாரா?”

“அடிக்கவே இல்ல. அடிச்சிருந்தா அதுக்கு ஒரு பேராவது இருந்திருக்கும்.” வீப்கே நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். “கடலுக்குப் போறப்போ கார் சாவியை எடுத்துட்டுப் போயிடுவான். நாளைக்கு ஆறு தடவை போன் பண்ணுவான். மூணு தடவை மணி அடிக்கிறதுக்குள்ள எடுக்கணும். மாமா குளியல்ல இருந்தா ஈரக் கையோட ஓடுவேன். ஒரு தடவை நாலாவது மணி ஆயிடுச்சு. திரும்பி வந்ததும் ரெண்டு வாரம் என்கூடப் பேசவே இல்ல. அப்பாகிட்டப் பேசுவான், என் பக்கம் பாத்துக்கிட்டே.”

பெரியவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“கிளம்புறேன்னு அவன்கிட்ட நாலு தடவை சொன்னேன். கடைசித் தடவை போன்ல எழுதியும் அனுப்பினேன். வியாழன் மதியத்துல இருந்து நான் இருக்க மாட்டேன், அப்பாவுக்கு ஏற்பாடு பண்ணிக்கோன்னு, ஒரு வாரம் முன்னாடியே. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? ஒரு சிரிக்கிற மூஞ்சி. மஞ்சள் கலர்ல.”

“புயல் வரப்போகுதுன்னு ரேடியோல சொன்னாங்களே.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “கேட்டேன். அந்த ரேடியோ அவன் இருக்கிற இடத்துலயும்தான் ஓடுது.” பிறகு, “மாமா பக்கத்துல ரெண்டு குவளை தண்ணி வெச்சேன்,” என்றாள். “ரெண்டு வெச்சேன் புரூன்ஸம்மா.”

நான் கேள்விகளைக் கேட்டேன். பராமரிப்புக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் பூஜ்யம் என்றாள். வாழ்க்கை எப்படி என்றேன். “மூணு,” என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், ஐலெர்ட்டின் முறை. அந்த வீட்டை வேறு யாருக்காவது மாற்றித் தாருங்கள் என்று பிராண்டிஸிடம் கேட்டிருந்தேன். ஆள் இல்லை என்றார்.

அவன் இளைத்திருந்தான். கடல் வேலையை விட்டிருந்தான். பெரியவரின் அறைக் கதவு கழற்றப்பட்டு, கீல்கள் மட்டும் சட்டத்தில் இருந்தன. டீ போட்டு வைத்தான். கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. கணினியில் எழுதியிருப்பதை அப்படியே படித்தாக வேண்டும்.

“கடந்த ஆண்டில் இந்த வீட்டை விட்டு யாராவது போயிருக்கிறார்களா? அவருடைய புதிய முகவரி உங்களுக்குத் தெரியுமா?”

அவன் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுங்க ஆபீசரம்மா.”

“எனக்கு உங்க பதில்தான் வேணும்.”

“எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். போறவங்க பின்னாடியே போவோம்னு உங்க காகிதத்துல போட்டிருக்கு. ஒன்பது வருஷக் காகிதத்தையும் நான் எடுத்துப் படிச்சேன்.”

“அடுத்த கேள்விக்குப் போவோம்.”

“போங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அந்தத் திங்கக்கிழமை நீங்க இங்க உக்காந்திருந்தீங்க. நான் போன் பண்ணப்போ இருந்தீங்க. அவ உங்ககிட்டச் சொல்லிட்டா, இல்ல? கிளம்பப் போறேன்னு சொல்லிட்டா. நீங்க டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க.” குரல் உயரவே இல்லை. “எங்கப்பா நாற்பத்தஞ்சு மணி நேரம் தரையில கிடந்தார். உங்களுக்குத்தான் மணிக்கணக்கு பிடிக்குமே, எழுதிக்கோங்க. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா அவர் இன்னைக்கு இருப்பார்.”

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல இந்த ஆளுக்கு என்ன யோக்கியதை என்று என் தொண்டை வரை வந்துவிட்டது.

“உங்ககிட்ட நாலு தடவை சொன்னாங்களே,” என்றேன். “எழுதியும் அனுப்பினாங்க. நீங்க சிரிச்ச மூஞ்சியைத்தானே பதிலா அனுப்பினீங்க.”

சொன்ன மறு நொடியே செய்த தவறு புரிந்தது. அந்தச் சிரித்த முகம் உலகத்தில் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். முன்பே தெரிந்திருந்தும் அப்பாவை விட்டவன் என்று அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் அவன் புகாரும் கொடுக்கவில்லை.

ஐலெர்ட் குவளையைத் தட்டில் மெதுவாக வைத்தான். “அப்போ அவளைப் பாத்திருக்கீங்க,” என்றான்.

அதன்பிறகு அவன் நடந்துகொண்டது மிக மரியாதையாக இருந்தது. மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். என் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரை வந்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈர இலைகளைக் கையால் வழித்துவிட்டான். வழித்தவன் அப்படியே குனிந்து நின்றான். கண்ணாடிக்கு உள்ளே, இரண்டு வாரமாக நான் எடுக்காமல் விட்ட படகுச் சீட்டு கிடந்தது.

“ப்ளெக்சன், ப்ரேமர்ஹாஃபன்,” என்று படித்தான். “பாத்துப் போங்க. ரோடு வழுக்கும்.”

முதல் திருப்பம் தாண்டியதும் காரை நிறுத்தி வீப்கேயை அழைத்தேன். எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டுகள் அடுக்குகிற சத்தம் நின்றது.

“நீங்களா சொன்னீங்க?”

“வாய் தவறிடுச்சு வீப்கே.”

“ஒன்பது வருஷம் தவறாத வாய்,” என்றாள். வைத்துவிட்டாள்.

காவல் நிலையத்துக்கும் போனேன். ஒருவர் தன் மனைவியைத் தேடுவது குற்றமில்லை, ஏதாவது நடந்தால் சொல்லுங்கள் என்றார்கள். பத்து நாள் கழித்து, படகில் போகாமல் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் இல்லை. கீழ் வீட்டு அம்மாள் கதவைத் திறந்தார்.

“மூணாவது மாடியா? காலி பண்ணிட்டாங்க. நல்ல பொண்ணு, படியெல்லாம் கூட்டி வெச்சிட்டுப் போச்சு. அவங்க வீட்டுக்காரரும் வந்தாரே, உசரமா, நல்ல நிறமா. தெருத் தெருவா விசாரிச்சுக்கிட்டு வந்தாராம். எனக்குப் பூ கூடக் குடுத்தார்.”

“அவர் வந்தது அவங்க போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கினார். “அதே வாரம்தான். முன்னாடியா அப்புறமான்னு கேட்டா… சொல்லத் தெரியலையே.”

மூன்று மாதம் அந்தப் பதிலோடு இருந்தேன். ஜனவரியில் ஒரு காலை, எண் தெரியாத அழைப்பு. “நான் இருக்கேன். அதைச் சொல்லத்தான்,” என்றாள் வீப்கே. “எங்கேன்னு கேக்காதீங்க. உங்க ஆளுங்களுக்கும் அட்டை அனுப்ப மாட்டேன்.” நான் மன்னிப்புக் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் தரையிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஐலெர்ட் ஓயவில்லை. வாரத்தில் நான்கு நாள் அந்தப் படகில் போய் வருவதாகச் சீட்டுக் கிழிக்கிறவர் சொன்னார். காரை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பானாம். கோடையில் பிராண்டிஸ் என்னை அழைத்தார். குரலில் மகிழ்ச்சி.

“உங்க ட்யார்க்ஸ் அவராவே போன் பண்ணினார். இந்த வருஷமும் கலந்துக்கணுமாம். நீங்கதான் வரணுமாம். இவ்வளவு விசுவாசமான ஆள் எங்க கிடைப்பாங்க?”

“நான் போக மாட்டேன்.”

“அப்போ ஃபோக்கனை அனுப்பறேன்.”

ஃபோக்கன் ஓய்வு பெற்ற தபால்காரர், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வீடு. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று நினைத்தேன். அக்டோபரில் ட்யார்க்ஸ் வீட்டிலிருந்து கிளம்பியதும் காரில் இருந்தபடி எனக்குத் தொலைபேசினார்.

“தங்கமான மனுஷன்மா. டீ, கேக்கு எல்லாம். ஒரே ஒரு கேள்விதான் அவர் என்னைக் கேட்டார், முகவரிப் பட்டியல் எப்போ வரும்னு. செப்டம்பர்லயே வந்துடுச்சு, வீட்ல மேஜை மேலதான் கிடக்குன்னு சொன்னேன். அதுல என்ன ரகசியம்?”

“எங்க இருக்கீங்க இப்போ?”

“வர்ற வழியில பெட்ரோல் போட்டுக்கிட்டிருக்கேன்.”

“வீட்டைப் பூட்டினீங்களா?”

“பகல்ல யார் பூட்டுறா?”

நான் கோட்டுப் போடாமலே ஓடினேன். ஃபோக்கன் வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. கதவு திறந்திருந்தது. ஐலெர்ட் சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ பார்க்க வந்து காத்திருக்கிறவன் போல. பட்டியல் அவன் முன்னால் விரிந்து கிடந்தது. அவன் விரல் இரண்டாவது வரியில் இருந்தது. அருகே போய்ப் பார்த்தேன். வீப்கே ட்யார்க்ஸ், ஆய்வு எண், அதற்கப்புறம் வெறும் வெள்ளை. அவள் சொன்னபடியே எங்களுக்கும் எழுதவில்லை.

“காலியா இருக்கு,” என்றான்.

“ஆமா. எங்களுக்கும் தெரியாது.”

“இந்த வருஷம் தெரியாது.” தொப்பியைத் தலையில் வைத்தான். “அடுத்த வருஷம் வரும்ல.”

அன்றே உட்கார்ந்து தலைமையகத்துக்கு எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை, என் வாய் தவறியது, ஃபோக்கன் வீட்டு மேஜை, எதையும் விடவில்லை. இந்த வீட்டின் ரகசியம் காக்கப்படவில்லை, இரண்டு வரிகளையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. நீக்கிவிட்டார்கள், பதினொரு வருடப் பதில்களோடு சேர்த்து. வீப்கேயின் மூன்று, ஐந்து, ஒன்பது, பதினாறு எல்லாம் போயிற்று. என் வேலையும் போயிற்று. ஃபோக்கனுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. இனி எந்தப் பட்டியலிலும் அவள் முகவரி வராது. நான் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஐலெர்ட்டுக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது, இத்தனை வருடம் ஒத்துழைத்ததற்கு நன்றி என்று. அது கிடைத்த அன்று மதியம் என்னை அழைத்தான். என் எண்ணை எப்படிக் கண்டுபிடித்தான் என்று நான் கேட்கவில்லை.

“நன்றின்னு எழுதியிருக்காங்க,” என்றான். பின்னால் படகின் இயந்திரச் சத்தம் கேட்டது. “அப்போ இனிமே யார் வந்து என்னைக் கேள்வி கேப்பா?”

 தொலைபேசியை வைத்துவிடக் கை வரவில்லை.

“நீங்க வருவீங்கல்ல, புரூன்ஸம்மா,” என்றான். “வரலைன்னா பரவாயில்ல. நான் வர்றேன்.”